உடலைத் தாண்டி வரும் கதிரின் கணக்கு

டி. கல்லுப்பட்டியில் ஒருவருக்குத் தொண்டைப் புற்றுநோய் என்று தெரிந்தால், அடுத்த ஏழு வாரமும் திருமங்கலம் வழியாக மதுரைக்கு அலைச்சல்தான். ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். நாளுக்கு 2 கிரே, 35 நாளில் 70 கிரே என்பது இந்த நோய்க்கு வழக்கமான கதிர்வீச்சு அளவு. மேசையில் படுத்திருப்பது சில நிமிடம். வலி கிடையாது, சூடு கிடையாது. அன்றைக்கு உள்ளே இறங்கியது 2 கிரேதானா என்று படுத்திருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

தெரிந்துகொள்ளும் கருவி அவருக்கு நேர் எதிரே நீட்டிக்கொண்டிருக்கிறது. இந்தச் சிகிச்சைக்கான கதிரைப் பாய்ச்சும் இயந்திரமான லீனியர் ஆக்ஸிலரேட்டர் இந்தியாவில் முதன்முதலாக 1976-ல் அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு வந்த காலத்தில், கதிர் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்க்க ஃபிலிம்தான். இன்றைய இயந்திரங்களில் அந்த வேலையைச் செய்வது சுமார் 40 செ.மீ. சதுரமான சிலிக்கான் பலகை. உடலைத் துளைத்து வெளியேறும் கதிர் அதன் பாஸ்பர் படலத்தில் ஒளியாகிறது, ஒளி மின்னூட்டமாகிறது, திரையில் எலும்புகள் தெரிகின்றன. படுத்திருக்கும் நிலை பிசகியிருந்தால் திருத்திவிடலாம்.

ஆனால் அந்தப் படத்தின் கருமையும் வெளுப்பும் இன்னொரு செய்தியையும் சொல்கின்றன: எவ்வளவு கதிர் வந்தது என்று. அதைப் படிப்பது அவ்வளவு எளிதல்ல. குறைந்த ஆற்றல் கொண்ட சிதறல் கதிரைப் பலகை மிகையாகக் காட்டும். அதனால் மருத்துவ இயற்பியலாளர்கள் தண்ணீர்த் தொட்டியில் அயனி அறை என்ற கதிர் அளக்கும் கருவியை வைத்து அளந்து, பலகையின் கணக்கை அதோடு பொருத்துகிறார்கள். பிறகு கணினி, வரவேண்டிய படத்தையும் வந்த படத்தையும் புள்ளி புள்ளியாக ஒப்பிடுகிறது; இல்லையென்றால் சி.டி. ஸ்கேனைக் கொண்டு உடலுக்குள் விழுந்த அளவைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறது. 3 சதவீதம், 3 மில்லிமீட்டர் வித்தியாசம் வரை பொறுக்கலாம் என்பது நெடுநாளாகப் புழங்கும் அளவுகோல்.

நோயாளி படுக்கும் முன்பே மாதிரிப் பொருளில் கதிரைப் பாய்ச்சிச் சோதிக்கிறார்களே, போதாதா? போதாது. நாலாவது வாரத்தில் சாப்பிட முடியாமல் உடம்பு இளைத்து, தலையை அசையாமல் பிடிக்கும் முகமூடி தொளதொளத்துப்போவதை அந்தச் சோதனை எப்படிக் காணும்? ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனம் 2005 முதல் 2009 வரை 4,337 சிகிச்சைகளைப் பலகையால் சரிபார்த்தது. 17 பெரும் பிழைகள் அகப்பட்டன. அவற்றில் 9, முன்சோதனையில் சிக்கியே இருக்காது.

2005-ல் நியூயார்க்கில் நாக்குப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவரின் திட்டத்தைச் சேமிக்கையில் கணினி முடங்கியது. கதிரை நோயின் வடிவத்துக்கு மறைத்துக் கொடுக்கும் உலோகத் தகடுகளுக்கான கட்டளை அதில் காணாமல் போயிற்று. தகடுகள் அகலத் திறந்தபடியே மூன்று நாள், ஏறத்தாழ ஏழு மடங்கு கதிர்! 2007-ல் அவர் இறந்தார். முதல் நாளே ஒரு பலகைப் படத்தை எதிர்பார்த்த படத்தோடு ஒப்பிட்டிருந்தால், பயிற்சி இல்லாத கண்ணுக்குக்கூட அது பட்டிருக்கும்.

பலகையை அளவோடு கையாள வேண்டும் என்பதற்கும் பாடம் உண்டு. பிரான்ஸின் எப்பினால் நகரில் நிலையைச் சரிபார்க்கத் தினமும் படம் எடுத்தார்கள். படத்துக்குச் செலவான கதிரைக் கணக்கில் சேர்க்கவில்லை. சுமார் 400 பேருக்கு 8 சதவீத அளவுக்கு மிகையாகப் போனது. அதே மருத்துவமனையில் வேறொரு கணக்குப் பிழையும் இன்னும் சிலரை மோசமாகப் பாதித்தது. இதன் பிறகு பிரான்ஸ், முடிந்த இடங்களிலெல்லாம் சிகிச்சையின் தொடக்கத்திலேயே நோயாளியிடம் விழும் அளவை நேரடியாக அளப்பதைக் கட்டாயமாக்கியது.