தானே கண் திருத்தும் டெலஸ்கோப்

நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்கும் இரவுகளில் ஃபோகஸைக் காப்பது இப்போது கம்ப்யூட்டரின் பொறுப்பு

லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 70 செ.மீ. விட்டமுள்ள டெலஸ்கோப் ஒன்று 2018 ஜூனில் வானைப் பார்க்கத் தொடங்கியது. பெயர் க்ரோத்-இந்தியா. பெங்களூர் இந்திய வானியற்பியல் நிலையமும் மும்பை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து அமைத்தது. முழுக்க ரோபோ முறையில் இயங்கும் ஆய்வு டெலஸ்கோப் இந்தியாவில் இதுவே முதல். குளிரில் உட்கார்ந்து கண்ணை இடுக்கிப் பார்க்க ஆள் தேவையில்லை.

ஆள் இல்லாத இடத்தில் எளிதில் கெடக்கூடியது ஃபோகஸ். மாலையில் கச்சிதமாக இருந்தது நள்ளிரவில் இருக்காது. காரணம், குளிர். ஒரு மீட்டர் நீள அலுமினியக் குழாய் 10 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர் சுருங்கும். நட்சத்திரத்தின் புள்ளி கலைந்துபோக அதுவே போதும்.

பிரகாசத்தை அளக்கும்போது இது பெரிய வில்லங்கம். படத்தில் நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் விழுந்த ஒளியைக் கம்ப்யூட்டர் கூட்டுகிறது. ஃபோகஸ் விலகினால் ஒளி வட்டத்துக்கு வெளியே கசியும். நட்சத்திரம் மங்கிவிட்டதாகக் கணக்கு சொல்லும். வட்டத்தைப் பெரிதாக்கினாலோ வானத்தின் பின்னணி வெளிச்சமும் உள்ளே புகுந்துவிடும்.

எவ்வளவு துல்லியம் தேவை? 1999-ல் வானியலாளர் டேவிட் ஷார்போனோவும் சகாக்களும் வெறும் 10 செ.மீ. டெலஸ்கோப்பில் ஹெச்.டி. 209458 என்ற நட்சத்திரத்தைக் கவனித்தார்கள். அதன் கிரகம் குறுக்கே கடந்தபோது குறைந்த ஒளி சுமார் 1.5 சதவீதம்தான். ஃபோகஸ் பிசகே அந்த அளவை விழுங்கிவிட்டால், இருக்கும் கிரகம் தப்பிவிடும். இல்லாத கிரகம் முளைக்கும். அதே படத்திலுள்ள மற்ற நட்சத்திரங்களோடு ஒப்பிடுவதும் ஓரளவே கைகொடுக்கும். படத்தின் நடுவிலும் ஓரத்திலும் ஃபோகஸ் ஒரே மாதிரி கெடுவதில்லை.

தானியங்கி ஃபோகஸ் இதற்குத்தான். சிறு மோட்டார் ஒன்று காமிராவையோ கண்ணாடியையோ படிப்படியாக நகர்த்தும். ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடுத்து, நட்சத்திரங்களின் அகலம் அளக்கப்படும். அகலம் குறைந்துகொண்டே வந்து மீண்டும் கூடும். மிகக் குறைந்த இடமே சரியான ஃபோகஸ். சில நிமிட வேலைதான்; ஆனால் அந்த நிமிடங்களில் அளவீடு நின்றுபோகும். எனவே ஒரு டிகிரிக்கு எத்தனை படி என்று முன்கூட்டியே கணக்கிட்டு, வெப்பமானி காட்டுவதற்கேற்ப மோட்டாரை நகர்த்துவதும் உண்டு.

இதில் ஒரு விசித்திரம். மிகப் பிரகாசமான நட்சத்திரம் என்றால் வானியலாளர்கள் வேண்டுமென்றே ஃபோகஸைச் சற்றுக் கலைப்பார்கள். ஒளி ஒருசில பிக்ஸல்களில் நிரம்பி வழியாமல் பலவற்றில் பரவும். பிக்ஸல்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வும் சமன்படும். கூர்மை குறைந்தாலும் பாதகமில்லை, அந்தக் குறை இரவு முழுவதும் மாறாதிருந்தால் சரி. மாலையில் எடுத்த முதல் படமும் விடியற்காலையில் எடுத்த கடைசிப் படமும் ஒரே மாதிரி இருந்தால்தான், இடையில் நட்சத்திரம் மங்கியது நிஜம் என்று நம்ப முடியும்.