கைக்கும் கணினிக்கும் பொதுவான லேத்

ரப்பர் தோட்டங்களும் மீன்பிடித் துறைகளும் அடுத்தடுத்து அமைந்துள்ள கன்னியாகுமரி மாவட்டத்தில், லேத் பட்டறைக்கு வரும் வேலை பெரும்பாலும் ஒற்றை வேலையாகவே இருக்கும்: குலசேகரம் பக்கத்து ரப்பர் ஷீட் மிஷினில் தேய்ந்துபோன ரோலர் முனை, குளச்சலிலிருந்தோ சின்னமுட்டத்திலிருந்தோ வந்த விசைப்படகின் ஷாஃப்ட் என்று, ஒன்றைப் போல் மற்றொன்று இராத உருப்படிகளை வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கெல்லாம் கணினிக்குப் புரோகிராம் எழுதி முடிப்பதற்குள் கைதேர்ந்த டர்னர் வேலையையே முடித்துவிடுவார். ஆனால் ஒரே மாதிரி இருநூறு புஷ் வேண்டுமென்று ஒருவர் வந்து நின்றால், அதே டர்னரின் கை மாலைக்குள் சலித்துவிடும்.

இரண்டு தொழிலையும் ஒரே யந்திரத்திடம் வாங்கலாம். அதற்குப் புது யந்திரம் வேண்டுமென்பதும் இல்லை. பெங்களூர் எச்.எம்.டி.யின் பழைய லேத், வார்ப்பிரும்புப் பெட் திடமாக இருந்தால் போதும்; ஸ்லைடுகளை நகர்த்தக் கணினி ஓட்டும் மோட்டார்களை அதிலேயே மாட்டிக்கொள்ளலாம். 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. உலகுக்குக் காட்டிய எண்முறை யந்திரமே, சின்சினாட்டி கம்பெனியின் மில்லிங் யந்திரம் ஒன்றை மாற்றியமைத்ததுதான்.

சாதாரண லேத்தில் கிராஸ் ஸ்லைடை நகர்த்தும் திருகுக்கும் அதன் நட்டுக்கும் இடையே நாளடைவில் பிளே விழுந்து, கைப்பிடியைத் திருப்பிச் சுழற்றும்போது சிறிது தூரம் சும்மா சுற்றும். டர்னர் எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்து இதைச் சமாளித்துக்கொள்வார். கணினிக்கு அந்த விவேகம் சுயமாக இல்லை. ஆகையால், எஃகுக் குண்டுகள் மரையினூடே உருண்டோடும் பால் ஸ்க்ரூவைப் பொருத்துகிறார்கள். அதில் பிளேயும் உராய்வும் வெகு சொற்பம். ஆனால் உராய்வு குறைந்ததிலேயே ஓர் உபத்திரவமும் உண்டு. பழைய திருகு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் சுபாவமுடையது. பால் ஸ்க்ரூவோ, மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கையால் கடையும் சமயத்தில், வெட்டும் விசைக்கு இணங்கிப் பின்னோக்கி உருண்டுவிட, கடைந்த உருப்படி அளவுக்கு மேல் பருத்து நிற்கும். பிரேக் ஒன்று வைத்தே ஆகவேண்டும்.

ஸ்டெப்பர் மோட்டார் சாதாரணமாக ஒரு சுற்றை 200 எட்டுகளாக வைத்துச் சுழலும்; 5 மி.மீ. புரியிடைவெளியுள்ள திருகில் ஓர் எட்டு 0.025 மி.மீ. கிராஸ் ஸ்லைடில் இது விட்டத்தில் 0.05 ஆகிவிடுவதால், பெல்ட் வைத்து இரண்டுக்கு ஒன்றாகக் குறைப்பதுண்டு. மின்சாரம் இருக்கும்வரை மோட்டார் திருகை இறுகப் பிடித்திருக்கும். நிறுத்திவிட்டுக் கைப்பிடியைச் சுழற்றினால், தான் அனுப்பிய எட்டுகளை மட்டுமே எண்ணும் கணினியின் கணக்குப் பிசகும். கணக்குப் பிசகாதிருக்க மின்னணுக் கைச்சக்கரம் ஒன்று உண்டு. அதைச் சுழற்றினால் மோட்டாரே நகரும். ஆனால் டூல் இரும்பைக் கடிக்கும் பாரம் கைக்குத் தெரியாது. அந்தப் பாரத்தை வைத்தே வேலையின் போக்கை அறிகிற டர்னருக்கு, கணக்குப் பிசகுவதே சிறிய நஷ்டம் என்பது என் அபிப்பிராயம். டூலை மறுபடி தொடவைத்து அளவெடுத்துக்கொண்டால் தீர்ந்தது.

நீளவாட்டில் தொல்லை குறைவு: பழைய லீட் ஸ்க்ரூவையும் ஆஃப் நட்டையும் முன்புறத்தில் அப்படியே விட்டு, பால் ஸ்க்ரூவைப் பெட்டின் பின்புறம் மாட்டலாம். மரை வெட்டுவதற்கு, கையால் என்றால் பழைய கியர்கள் இருக்கின்றன. கணினி வெட்டுவதானால், ஸ்பிண்டிலோடு சுழலும் என்கோடர் சுற்றுக்கொரு முறை தரும் சமிக்ஞையைப் பார்த்தே டூல் ஒவ்வொரு தடவையும் புறப்படும். ஆகவே அது பழைய தடத்திலேயே இறங்கும்.

இன்னொன்று, கணினி வேகமாக ஓட்டும்போது பழைய கைப்பிடியும் கூடவே சுழன்று முழங்கையைப் பதம் பார்த்துவிடும். மடக்கிவைக்கும் பிடியோ, சக்கரத்தை விடுவிக்கும் கிளட்சோ, முதல் நாளிலேயே போட்டுவிட வேண்டும்.