உங்களுக்குத் தெரியுமா? மருந்துக்கு மசியாத காசநோய்

சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் இரண்டு. ஏன் இத்தனை? ஒன்றை மட்டும் கொடுத்தால், கோடிக்கணக்கான கிருமிகளுக்குள் அதற்கு அடங்காத சில தப்பிப் பெருகிவிடும். 1948இல் வெளிவந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வே இதைக் காட்டிவிட்டது.

ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் மசியாததுதான் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய். இருமல் நின்றதும் குளிசையைக் கைவிடுவது இதற்கு வழி திறக்கும். ஆனால் நோயாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை; குளிசையே தொடாதவருக்கும் இது காற்றில் நேரே தொற்றும். சிறுநீர் செம்மஞ்சளாவது ரிஃபாம்பிசினின் நிறம்தான், பயந்து நிறுத்தாதீர்கள்.

ஜீன்எக்ஸ்பர்ட் கருவி ரிஃபாம்பிசின் எதிர்ப்பைச் சுமார் இரண்டு மணிநேரத்தில் காட்டும். முன்பு ஒன்றரை வருடத்துக்கு மேலும் சிகிச்சை நீண்டது, ஊசியும் சேர்த்து. பெடாகுயிலின் உள்ளிட்ட நான்கு மருந்துகளை ஆறு மாதம் குளிசையாகவே எடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. இலங்கையில் இந்நோய்க்கான சிறப்புச் சிகிச்சை வெலிசறை வைத்தியசாலையில்.

ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று வாசகர்களே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் கல்முனை மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சளியைச் சோதியுங்கள். சோதனையும் மருந்தும் இலவசம்.