எலும்பு முறிந்த கைக்கு எத்தனை எண்?

அமெரிக்காவில் 8 வயதுப் பையன் ஒருவன் ஊஞ்சலிலிருந்து விழுந்து கையை முறித்துக் கொண்டான் என்று வைத்துக் கொள்வோம்.

டாக்டர் கட்டுப் போட்டார். பையனின் அழுகை ஓய்ந்தது. பிறகு பில் வந்தது. அப்பா திகைத்தார்!

பில் முழுக்க எண்கள்!

அந்நாட்டில் டாக்டர் செய்யும் வேலைக்கு ஓர் எண். கட்டும் பொருளுக்கு இன்னோர் எண். அந்த எண்களைப் பார்த்துத்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தரும்.

வேலைக்கு எண்

வேலை எண்களை வெளியிடுவது அமெரிக்க மருத்துவச் சங்கம். முதல் புத்தகம் 1966-ல் வந்தது.

முழங்கைக்குக் கீழே போடுவது குட்டைக் கட்டு. அதன் எண் 29075. தோள் பக்கத்திலிருந்து போடுவது நீளக் கட்டு. அதன் எண் 29065.

பொருளுக்கு எண்

பொருளின் எண் அரசாங்கப் பட்டியலில் இருக்கிறது. அது "கியூ" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அதற்கு மூன்று கேள்விகள்:

கட்டு குட்டையா, நீளமா?

பிள்ளைக்கு வயது 10-க்குள்ளா?

மாவுக்கட்டா, பைபர் கிளாஸ் கட்டா?

பைபர் கிளாஸ் என்பது கண்ணாடி இழைத் துணி. அதில் பிசின் ஊறியிருக்கும். தண்ணீர் பட்டதும் இறுகும். மாவுக்கட்டை விட லேசானது, விலை அதிகம்.

10 வயது வரை குட்டை மாவுக்கட்டுக்குக் கியூ4011. பைபர் கிளாஸ் என்றால் கியூ4012. நீளக் கட்டுக்கு முறையே கியூ4007, கியூ4008.

11 வயது ஆகிவிட்டதா? பெரியவர் கணக்குத்தான்! குட்டை பைபர் கிளாஸ் கட்டு கியூ4010 ஆகிவிடும்.

ஓர் எண் மாறினால்...

8 வயதுப் பையனுக்குக் கியூ4010 என்று எழுதிவிட்டால்? சின்னக் கைக்குப் பெரிய கையின் விலை!

இன்னொன்றும் உண்டு. எலும்பு முறிவுச் சிகிச்சைக்கு மொத்தமாக ஒரு கட்டணம் போட்டால், முதல் கட்டுப் போடும் வேலையும் அதில் அடங்கிவிடும். அதே டாக்டர் அந்த வேலைக்குத் தனியாகவும் பணம் கேட்டால் அது இரட்டைக் கணக்கு. கட்டுப் பொருளின் விலையை மட்டும் தனியே கேட்கலாம்.

என்ன செய்வது?

மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடக் கூடாது. "எண் வாரியாகப் பில் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். வயது சரியா, கட்டின் அளவு சரியா, பொருள் சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தவறு இருந்தால் திருத்தித் தரும்படி கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் மகனோ மகளோ பேரப் பிள்ளைகளோடு இருக்கிறார்களா? அவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கட்டு சில வாரங்களில் கழன்றுவிடும். தவறான பில்லைக் கட்டிவிட்டால், போன பணத்தைத் திரும்ப வாங்குவது எளிதல்ல!