பேருக்குப் பூட்டா, பெட்டிக்குப் பூட்டா?

சட்டைப் பையில் அடங்கும் கணினிகளில் பெரிய வெற்றி கண்டவற்றில் ஒன்று, 1996இல் அமெரிக்காவில் வெளிவந்த பாம் நிறுவனத்தின் பைலட். பைலட் 1000 மாடலின் நினைவகம் வெறும் 128 கிலோபைட். வைஃபை கிடையாது, சிம் கிடையாது. மேசைக் கணினியோடு இணைந்த ஒரு தொட்டிலில் கருவியைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் புதிய மென்பொருள் ஏறும். உள்ளே எழுதியவை நகலாகும். இதற்கு ஹாட்சிங்க் என்று பெயர்.

இந்தக் கருவிக்கு நிரல் எழுதியவர்களில் பலர் தனி ஆட்கள். சில நாள் இலவசமாகப் பயன்படுத்துங்கள், பிடித்தால் பணம் அனுப்புங்கள் என்ற ஷேர்வேர் முறையில் விற்றார்கள். பணம் வந்ததா என்று நிரல் யாரைக் கேட்கும்? கருவியோ வெளியுலகத் தொடர்பு இல்லாதது. விடை கருவிக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

வழி ஒன்று கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு பாம் கருவிக்கும் அதன் சொந்தக்காரர் ஒரு ஹாட்சிங்க் பெயர் வைத்திருப்பார். வாங்குபவர் அதை அனுப்புவார்; எழுதியவர் அந்த எழுத்துகளை ஒரு ரகசியக் கணக்கில் போட்டுப் பதிவுக் குறியீடு ஒன்றைத் திருப்பி அனுப்புவார். நிரலும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை ஒத்துப்போனால் பூட்டு திறக்கும்.

ஓட்டை எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. பெயரை வைப்பது பயனர்தானே? ஜான் வாங்கிய குறியீடு, தன் பெயரும் ஜான் என்று சொல்லிக்கொள்ளும் எந்தக் கருவியிலும் செல்லும்.

1998இல் வந்த பாம் III இதற்கு மாற்று ஒன்று தந்தது. ராம் அல்லாத, இயங்குதளம் குடியிருக்கும் நிலையான நினைவகத்தில், தொழிற்சாலையிலேயே 12 எழுத்து நீள வரிசை எண் ஒன்றைப் பதித்து அனுப்பினார்கள். நிரல் கேட்டால், எண் இருக்கும் முகவரியையும் நீளத்தையும் இயங்குதளம் தரும். சி மொழிக்காரர்கள் எதிர்பார்க்கும் முடிவுக்குறியான சுழியம் மட்டும் அதன் வாலில் இருக்காது. நீளத்தைக் கவனிக்காமல் படித்தால் பின்னால் கிடக்கும் குப்பையும் சேர்ந்து வரும். பழைய பைலட்களிலோ எண்ணே இல்லை. ஆகவே எண்ணை மட்டும் நம்பி எழுதியவர் பழைய வாடிக்கையாளர்களை மறந்துவிட வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய தொல்லை நேர்மையானவர்களுக்கு வந்தது. கருவி கீழே விழுந்து திரை நொறுங்குகிறது. புதியது வாங்கி ஹாட்சிங்க் செய்ததும் முகவரிகள், நாட்குறிப்புகள், நிரல்கள் எல்லாம் திரும்பிவிடும். காசு கொடுத்து வாங்கிய நிரல் மட்டும் ‘நீங்கள் யார்?’ என்று கேட்கும். பணம் கட்டியது மனிதர், பூட்டியது பெட்டிக்கு. என் கணிப்பில் இந்த முறையின் அடிப்படைக் கோளாறே இதுதான். திருட்டு இரண்டாம் பட்சம்.

திருடுபவருக்கு வரிசை எண் பெரிய தடையும் அல்ல. பாம் கருவிகளில் இருந்தது மோட்டரோலாவின் டிராகன்பால் நுண்செயலி, 68000 குடும்பம். எப்பேர்ப்பட்ட ரகசியக் கணக்கும் கடைசியில் ‘சமமானால் அங்கே தாவு’ என்ற ஒரு கட்டளையில்தான் வந்து முடியும். பதினறும எண்ணில் அது 67 என்று தொடங்கும் கட்டளை. அந்த ஒரு பைட்டை 60 என்று மாற்றினால் ‘எதுவானாலும் அங்கே தாவு’ என்றாகிவிடும்! மாற்றவும் மனமில்லாதவர், நிரலுக்குள் இருக்கும் கணக்கையே உருவி எடுத்து, யாருக்கும் குறியீடு அச்சடித்துத் தரும் கீஜென் செய்துகொள்வார்.

கீஜென்னுக்கு மருந்து உண்டு: பொதுச்சாவி முறைக் கையொப்பம். குறியீடு தயாரிக்கும் சாவி எழுதியவரிடமே இருக்கும், சரிபார்க்கும் சாவி மட்டும் நிரலில். ஆனால் அத்தகைய கையொப்பம் நீளமானது. ஸ்டைலஸால், பாமின் கிராஃபிட்டி என்ற கையெழுத்து முறையில் ஒவ்வொன்றாகக் கிறுக்கி உள்ளிட வேண்டியவரை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு பைட் தாவலை இதுவும் தடுக்காது.

பின்னாளில் செல்பேசிகளின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் இதே வேலைக்கு இழுத்தார்கள். அழியாத எண் விளம்பரக்காரர்களுக்கும் வசதியாகப் போயிற்று. எந்தச் செயலியில் நுழைந்தாலும் ஆள் யாரென்று தெரியும். 2013 மே மாதம் முதல் கருவி அடையாள எண்ணைப் படிக்கும் செயலிகளை ஆப்பிள் ஏற்க மறுத்தது. 2019இல் ஆண்ட்ராய்டு 10 சாதாரணச் செயலிகளுக்கு ஐஎம்இஐயை மூடிவிட்டது. இப்போது ஆப் ஸ்டோரில் வாங்கியது கணக்கோடு, அதாவது ஆளோடு, புதிய கருவிக்கும் வந்துவிடுகிறது.

ஆனாலும் பெட்டிக்குப் பூட்டும் பழக்கம் ஒழியவில்லை. எஸ்டி அட்டை ஒவ்வொன்றிலும் 128 பிட் அடையாளப் பதிவு ஒன்று உண்டு. அதில் 32 பிட் வரிசை எண். சில கார்களின் வழிகாட்டி வரைபடங்கள் இந்த அடையாளத்தோடு கட்டப்பட்டவை. கோப்புகளை இன்னொரு அட்டைக்கு அப்படியே நகலெடுத்துச் செருகினாலும் கார் ஏற்காது. அட்டை கெட்டால் பெரும்பாலும் வரைபடத்தையே மறுபடி வாங்க வேண்டியிருக்கும்.