ஒரே நாணயம்: சின்ன நாடுகளுக்கு வரமா, வலையா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டி, தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் கடப்பாக்கம். அங்கிருந்து கடல் பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. இடிந்த மதில்களும் உப்பங்கழியும்தான் இன்று மிச்சம். சினிமா ஷூட்டிங்குக்கும் செல்ஃபிக்கும் வருகிறவர்களில் பலருக்குத் தெரியாத விஷயம், இந்தக் கோட்டைக்குள் ஒரு காலத்தில் நாணயச் சாலை இருந்தது என்பது. இங்கே அடித்த காசுகள் இந்தக் கடற்கரையில் புழங்கின.

‘சின்னச் சின்ன நாடுகள் சேர்ந்து ஒரே நாணயத்தை வைத்துக்கொண்டால் லாபமா, நஷ்டமா?’ என்று உலகப் பொருளாதார நிபுணர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். செங்கல்பட்டு சீமை 200 வருடங்களுக்கு முன்பே இதன் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டது.

ஒரு கடற்கரை, பல காசுகள்

18-ம் நூற்றாண்டில் இந்தக் கரையோரம் ஆளுக்கொரு துண்டாகக் கிடந்தது. சென்னைப்பட்டினம் ஆங்கிலேயக் கும்பினியிடம். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம் டச்சுக்காரர்களிடம். ஆலம்பரை முதலில் முகலாயர் ஆட்சியில் இருந்து, 1750-ல் பிரெஞ்சுக்காரர்களிடம் போனது. 1760-ல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தார்கள். அதற்கும் தெற்கே பிரெஞ்சுப் புதுச்சேரி. செங்கல்பட்டு ஜாகீரோ, 1763-ல் ஆற்காடு நவாப் கும்பினிக்கு எழுதிக் கொடுத்தது.

ஆட்சிகளைப் போலவே காசுகளும் பல. சென்னையில் நட்சத்திர வராகன், தெற்கே பரங்கிப்பேட்டை வராகன், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்த ஆற்காடு ரூபாய். ‘வராகன்’ என்ற ஒரே பெயரில் வந்த காசுகளிலும் தங்கத்தின் மாற்று ஒன்றாக இருக்காது. சென்னைக் கணக்கில் ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு!

இந்தக் குழப்பத்தில் பிழைத்தவர்கள் சராப்புகள். காசை உரசிப் பார்த்து, எடை போட்டு, மாற்றிக் கொடுப்பார்கள். அதற்கு ‘வட்டம்’ பிடிப்பார்கள். நெசவாளிக்குக் கூலி ஒரு காசில் வரும். வரி கேட்பவர் வேறு காசில் கேட்பார். ஒவ்வொரு மாற்றலிலும் கொஞ்சம் கரையும். பெரிய வியாபாரி அதைச் சமாளித்துவிடுவார். சுமை எப்போதும் சிறிய ஆள் தலையில்தான்.

1818-ல் சென்னை ராஜதானி வெள்ளி ரூபாய்க்கு மாறியது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்கு வைத்தார்கள். 1835-ல் கும்பினி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே எடை, ஒரே தரத்தில் ரூபாய் வந்தது. வட்டம் பிடிக்கும் தொல்லை மெல்ல ஒழிந்தது. அதேசமயம், இந்தக் கரையின் காசு எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவு கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டது.

பொது நாணயம் என்றாலே இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். கையில் வசதி வரும். கடிவாளம் வேறு ஒருவரிடம் போகும்.

யூரோ தந்ததும் எடுத்ததும்

மாமல்லபுரத்தில் கற்சிலை விற்பவர்களுக்கு இது எளிதில் புரியும். 2002-க்கு முன்பு ஜெர்மன்காரர் மார்க் கொண்டுவருவார், பிரெஞ்சுக்காரர் ஃபிராங்க், இத்தாலிக்காரர் லிரா, டச்சுக்காரர் கில்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரேட். 2002 ஜனவரி 1-ல் யூரோ நோட்டு வந்த பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே ரேட். இங்கே ஒரு கடைக்காரருக்கே இவ்வளவு வசதி என்றால், அந்த நாடுகளுக்குள் தினமும் வியாபாரம் செய்பவர்களுக்கு எவ்வளவு மிச்சம்!

கடன் வட்டியும் குறைந்தது. டிராக்மா வைத்திருந்த கிரீஸ் 2001-ல் யூரோவில் சேர்ந்ததும், ஜெர்மனிக்குக் கிடைக்கும் வட்டிக்கு ஏறக்குறைய நெருக்கமாகவே அதற்கும் கடன் கிடைத்தது. வாங்கித் தள்ளியது.

2009 கடைசியில் கணக்கு வெளியே வந்தபோது கடன் கழுத்தை நெரித்தது. சொந்த நாணயம் இருந்திருந்தால் அதன் மதிப்பு தானாக இறங்கியிருக்கும். ரூபாய் மதிப்பு இறங்கினால் மாமல்லபுரத்து விடுதி அறை வெளிநாட்டவருக்கு மலிவாகிவிடும். சிலை ஏற்றுமதி செய்பவர் கையில் கூடுதல் ரூபாய் நிற்கும். அதுபோல கிரேக்கத் தீவுகளும் மலிவாகி, சுற்றுலா கைகொடுத்திருக்கும். ஆனால் யூரோவின் மதிப்பை ஏதென்ஸ் தனியாகக் குறைக்க முடியாதே! மிஞ்சிய வழி சம்பளத்தையும் பென்ஷனையும் வெட்டுவது. 2013-ல் அங்கே வேலையில்லாதவர்கள் 27 சதவிகிதத்தைத் தாண்டினார்கள்.

குட்டி நாடான ஐஸ்லாந்து 2008-ல் வேறு பாதையில் போனது. அதன் வங்கிகள் சரிந்ததும், குரோனா என்ற சொந்த நாணயம் ஏறக்குறைய பாதி மதிப்பை இழந்தது. வெளிநாட்டு நாணயத்தோடு இணைத்து வீட்டுக் கடன் வாங்கிய குடும்பங்கள் திண்டாடின. ஆனால் மீன் ஏற்றுமதியும் சுற்றுலாவும் நாட்டைத் தூக்கி நிறுத்தின.

ரூபாய் புழங்கிய வளைகுடா

குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், ஓமன் பகுதிகளில் ஒரு காலத்தில் இந்திய ரூபாய்தான் புழங்கியது. தங்கக் கடத்தலால் நம் அந்நியச் செலாவணி கரைந்ததால், 1959-ல் அந்த நாடுகளுக்கென்று தனியாக ‘வளைகுடா ரூபாய்’ நோட்டுகளை நம் ரிசர்வ் வங்கியே வெளியிட்டது. மதிப்பு இந்திய ரூபாய்க்குச் சமம்.

குவைத் 1961-லும் பஹ்ரைன் 1965-லும் சொந்தமாக தினார் அச்சிட்டு விலகின. 1966 ஜூன் 6-ல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசானது. பஞ்சமும் போரும் இந்தியாவின் பிரச்னை. ஆனால் ரூபாயை நம்பிப் பெட்டியில் வைத்திருந்த துபாய்க்காரரின் சேமிப்பும் சேர்ந்தே குறைந்தது. கத்தாரும் துபாயும் அந்த வருடமே புது நாணயத்துக்கு மாறின. ஓமன் 1970-ல் மாறியது.

பிறகு வளைகுடா நாடுகள் தங்களுக்குள் ஒரு பொது நாணயம் கொண்டுவரத் திட்டமிட்டு, 2010 என்று இலக்கும் வைத்தன. ஓமன் விலகியது, 2009-ல் ஐக்கிய அரபு அமீரகமும் விலகியது. அந்த நாணயம் இன்றுவரை பிறக்கவில்லை.

இலங்கை சேர்ந்திருந்தால்?

இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் ஒரே குடும்பம். 19-ம் நூற்றாண்டில் அங்கே இந்திய ரூபாய் புழங்கியது. 1950-ல் இலங்கை மத்திய வங்கி தொடங்கிய பிறகும், 1966 வரை ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்றே இருந்தது.

2022-ல் இலங்கை திவாலானபோது, சில மாதங்களில் ஒரு டாலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியது. அந்த செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி ஏற்றம் 70 சதவிகிதத்தைத் தொட்டது. காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். பிழைக்க வழியில்லாமல் குழந்தைகளோடு படகேறி தனுஷ்கோடி வந்த தமிழ்க் குடும்பங்களையும் பார்த்தோம்.

பொது நாணயம் இருந்திருந்தால் இது நடந்திருக்காதா? பாதி உண்மை. அரசு நினைத்தபடி நோட்டு அச்சடித்திருக்க முடியாது. விலைவாசி இந்த அளவு பறந்திருக்காது. ஆனால் வெளிநாட்டில் வாங்கிய கடன் அப்படியேதான் இருந்திருக்கும். கிரீஸ் யூரோவில் இருந்துகொண்டேதானே கடனில் மூழ்கியது? பொது நாணயம் அச்சடிக்கும் கையைக் கட்டும். கடன் வாங்கும் கையைக் கட்டாது.

மறைமலை நகர் சொல்லும் பாடம்

அப்படியானால் தமிழ்நாடும் பீகாரும் எப்படி ஒரே ரூபாயில் ஓடுகின்றன? வருமானத்திலும் தொழிலிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் ஆயிற்றே!

செங்கல்பட்டு மாவட்டத்து மறைமலை நகருக்கு ஒருமுறை போனால் பாதி விடை கிடைக்கும். தொழிற்சாலைகளிலும் கட்டட வேலையிலும் பீகார், ஒடிசா இளைஞர்கள். அங்கே வேலை இல்லையென்றால் ரயிலேறி இங்கே வந்துவிடலாம், விசா வேண்டாம். கூலி அன்றைக்கே போன் வழியாக ஊருக்குப் போய்விடும்.

மீதி விடை வரிப்பணம். மத்திய அரசு மாநிலங்களுக்குப் பகிரும் வரியில், 15-வது நிதிக்குழுவின் கணக்குப்படி (2021-26) தமிழ்நாட்டுக்கு 4.079 சதவிகிதம், பீகாருக்கு 10.058 சதவிகிதம் என்று இருந்தது. இது நியாயமா என்று இங்கே கடும் விவாதம் நடக்கிறது; நடக்கவும் வேண்டும். ஆனால் பின்தங்கிய பகுதிக்குப் பணம் போகும் இப்படியொரு வாய்க்கால் இல்லாமல் பொது நாணயம் நிலைப்பது கஷ்டம். ஐரோப்பாவில் இந்த வாய்க்கால் மிகச் சிறியது. கிரீஸ் அவ்வளவு துன்பப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பொது நாணயத்துக்கு ஆட்கள் வேலை தேடி எளிதில் இடம்பெயர முடிவது அவசியம் என்று 1961-லேயே எழுதிவைத்தவர் கனடாவைச் சேர்ந்த ராபர்ட் முண்டெல். 1999-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்.

யாருக்கு ஒத்துவருகிறது?

வெற்றிக்கு நல்ல உதாரணம் கிழக்குக் கரீபியன் தீவுகள். கிரெனடா, டொமினிக்கா, செயின்ட் லூசியா உட்பட 6 குட்டி நாடுகளும் 2 பிரிட்டிஷ் பகுதிகளும் ஒரே டாலரைப் பயன்படுத்துகின்றன. 1976-லிருந்து ஓர் அமெரிக்க டாலருக்கு அவர்களின் 2.70 டாலர் என்ற மதிப்பு மாறவே இல்லை. எல்லாமே சுற்றுலாவை நம்பிய தீவுகள், புயலும் எல்லோருக்கும் பொது. ஒருவருக்கு நல்ல காலம் என்றால் பெரும்பாலும் மற்றவருக்கும் நல்ல காலம். தனித்தனியாக மத்திய வங்கி நடத்த அவற்றுக்கு வசதியும் இல்லை.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் 14 நாடுகள் பயன்படுத்தும் சி.எஃப்.ஏ. ஃபிராங்க் கதை கலவையானது. பக்கத்து கானாவையும் நைஜீரியாவையும் விட விலைவாசி கட்டுக்குள் இருந்தது. ஆனால் 1994 ஜனவரியில் அதன் மதிப்பு ஒரே நாளில் பாதியானது. இறக்குமதி மருந்தின் விலை இரட்டிப்பானால் ஏழைக் குடும்பம் என்ன செய்யும்?

ஆக, சேர நினைக்கும் சின்ன நாடு தன்னைத்தானே சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் வியாபாரத்தில் பெரும்பகுதி அந்தக் கூட்டாளிகளோடுதானா? நமக்கு அடி விழும்போது அவர்களுக்கும் விழுமா? அப்படி இல்லையென்றால், நம் மக்கள் அங்கே போய் வேலை செய்ய முடியுமா, அங்கிருந்து பணம் இங்கே வருமா? வட்டி விகிதம் முடிவாகும் மேஜையில் நமக்கு நாற்காலி உண்டா? ‘இல்லை’ என்ற பதில்தான் அதிகம் என்றால், சொந்த நாணயத்தோடு சிக்கனமாக இருப்பதே மேல்.

இன்னொரு விஷயமும் இப்போது சேர்ந்திருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையிலும் மொரிஷியஸிலும் இந்தியர்கள் யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்தலாம். கொழும்புக் கடையில் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால், இங்கே ரூபாய் கழிந்து அங்கே அவர்கள் ரூபாய் சேர்கிறது. நாணயங்கள் தனித்தனியாகவே இருக்கின்றன. சராப்பு வேலையை போன் பார்த்துக்கொள்கிறது. காசு மாற்றும் சிரமம் இப்படிக் குறையக் குறைய, அந்த வசதிக்காக மட்டும் ஒரு சின்ன நாடு தன் கடிவாளத்தைக் கொடுக்க வேண்டிய அவசியமும் குறைந்துகொண்டே வருகிறது.