எல்லை தாண்டும் சொத்து – 11: பவேரியாவிலிருந்து வந்தவரின் பணம்

வீடும் நிலமும் அவை இருக்கும் நாட்டின் சட்டப்படி. வங்கிப் பணமும் பங்குகளும் இறந்தவர் நிலையாக வாழ்ந்த நாட்டின் சட்டப்படி. பல நாடுகள் கைக்கொள்ளும் இந்த விதியைச் சென்ற வாரம் பார்த்தோம்; அது போதும். வெளிநாட்டுக் கணவன் மனைவிக்கு அமெரிக்கா போடும் வரியை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஃபோர்கோ வழக்கு குறுக்கே வந்துவிட்டது. படித்ததிலிருந்து வேறு எதிலும் மனம் நிற்கவில்லை.

ஃபோர்கோ பவேரியாவில், மணமாகாத தாய்க்குப் பிறந்தவர். ஐந்து வயதில் பிரான்சுக்கு வந்தார். அங்கேயே வளர்ந்து, வசதியான பிரெஞ்சுப் பெண் ஒருவரை மணந்தார். மனைவி முதலில் போய்ச் சேர்ந்தார். 1869-இல் போ நகரில் ஃபோர்கோவும் இறந்தார். பிள்ளை இல்லை, உயில் இல்லை. பிரான்சில் நிறையப் பணம் இருந்தது.

தாய்வழி உறவினர் பவேரியாவிலிருந்து உரிமை கோரி வந்தார்கள். பவேரியச் சட்டப்படி அவர்களுக்குப் பங்கு உண்டு. பிரெஞ்சுச் சட்டப்படியோ, இப்படிப் பிறந்தவரின் சொத்து அத்தகைய உறவினருக்குப் போகாது. வாரிசற்ற சொத்தாகி அரசைச் சேரும். ஆக, எந்த நாட்டுச் சட்டம் என்பதில்தான் எல்லாம் இருந்தது. ஆயுள் முழுக்கப் பிரான்சில் வாழ்ந்தவர்தான். ஆனால் அக்காலத்தில் வெளிநாட்டவர் அங்கே சட்டப்படி குடியமர அரசின் அனுமதி வேண்டும். ஃபோர்கோ அதை வாங்கவே இல்லை. அதனால் ஏட்டளவில் அவர் வாழிடம் பவேரியாதான்.

உறவினர் ஜெயித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் பவேரியச் சட்டத்தைப் புரட்டினால், அசையும் சொத்துக்கு இறந்தவர் உண்மையில் வாழ்ந்த இடத்தின் சட்டமே செல்லும் என்று இருக்கிறது! பிரான்ஸ் பவேரியாவைக் கைகாட்ட, பவேரியா பிரான்சையே திருப்பிக் கைகாட்டியது. 1878-இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் அந்தத் திருப்பலை ஏற்றது. பணம் பிரெஞ்சுக் கருவூலத்துக்குப் போயிற்று.

இதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. 1804-இல் வந்த நெப்போலியனின் சட்டத்தில், இறந்தவரின் பன்னிரண்டாம் தலைமுறைக் கணக்கில் வரும் தூரத்து உறவினர் ஒருவர் இருந்தால்கூட மனைவிக்கு ஒன்றும் கிடையாது. உறவினர் யாருமே இல்லாவிட்டால்தான் கணவனோ மனைவியோ வரலாம். அவர்களும் இல்லாவிட்டால் அரசு. ஃபோர்கோவின் மனைவி பிழைத்திருந்தால், பிரெஞ்சுச் சட்டப்படி அரசுக்கு ஒரே படி முன்னால் நின்று முழுவதையும் பெற்றிருப்பார். கூடவே வாழ்ந்தவளை வரிசையின் கடைசியில் நிறுத்திய அநியாயம் அது. 1891-இல்தான், மற்ற வாரிசுகள் இருந்தாலும் ஒரு பகுதியை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மனைவிக்குக் கிடைத்தது.

உண்மையில் எங்கே வாழ்ந்தார்? இந்தக் கேள்வி இன்றும் சாகவில்லை. பிரெஞ்சு ராக் பாடகர் ஜானி ஹாலிடே 2017-இல் இறந்தார். 2014-இல் கலிபோர்னியாவில் எழுதிய உயிலில் எல்லாவற்றையும் மனைவிக்கே வைத்திருந்தார். கலிபோர்னியச் சட்டம் அதை அனுமதிக்கும். மூத்த பிள்ளைகள் இருவரையும் அப்படி ஒதுக்கப் பிரெஞ்சுச் சட்டம் விடாது. பிள்ளைகள் நீதிமன்றம் போனார்கள். அவர் பிரான்சில் இருந்த நாள்களைக் குடும்பத்தின் இன்ஸ்டாகிராம் படங்களை வைத்தே எண்ணிக் காட்டினார்கள்: 2015-இல் 151 நாள், 2016-இல் 168 நாள். 2019 மே மாதம் நான்தேர் நீதிமன்றம், அவர் வாழ்ந்தது பிரான்சில்தான் என்றது. கடற்கரையில் எடுத்த குடும்பப் படம் சொத்து வழக்கில் சாட்சியாகும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

நம் சட்டத்திலும் ஃபோர்கோவின் சாயல் உண்டு. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 5-ஆம் பிரிவு. இந்து, முஸ்லிம், பௌத்தர், சீக்கியர், சமணர் நீங்கலாக மற்றவர்களுக்கு அது பொருந்தும். அதில் ஓர் உதாரணம்: பிரான்சில் நிலையாக வாழ்ந்த ஆங்கிலேயர் இந்தியாவில் இறக்கிறார். இங்கே அவர் விட்டுச்சென்ற வீடும் நிலமும் இந்தியச் சட்டப்படி. மற்றவை, பிரான்சில் நிலையாக வாழ்ந்து இறந்த ஆங்கிலேயரின் அசையும் சொத்துக்குப் பிரான்சில் என்ன விதியோ அதன்படி. ஒரே மனிதரின் மனைவிக்கு வீட்டில் ஒரு பங்கு, வங்கிப் பணத்தில் வேறொரு பங்கு வரலாம் என்பது இதன் பொருள்.

ஐரோப்பாவில் இந்தத் திருப்பலுக்குக் கடிவாளம் போட்டுவிட்டார்கள். 2015 ஆகஸ்ட் 17 முதல், டென்மார்க்கும் அயர்லாந்தும் நீங்கலான ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பொதுவிதி, இறந்தவர் வழக்கமாக வாழ்ந்த நாட்டின் சட்டம். அது வீட்டுக்கும் சேர்த்துத்தான். வேண்டாமென்றால், தம் குடியுரிமை நாட்டின் சட்டமே செல்ல வேண்டும் என்று உயிலில் எழுதிவிடலாம். எழுதிவிட்டால் ஒரு நாடு இன்னொரு நாட்டைக் கைகாட்டும் பேச்சுக்கே இடமில்லை. ஜெர்மனியிலோ இத்தாலியிலோ வெளிநாட்டுத் துணையோடு வாழும் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இருவரும் உட்கார்ந்து, எந்தச் சட்டத்தில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு, உயிலில் அந்த வாக்கியத்தை எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

அமெரிக்க வரி அடுத்த வாரம். அங்கே துணைவர் குடியுரிமை பெற்றவராக இருந்தால் எவ்வளவு பெரிய சொத்தும் அவருக்கு மரபுரிமை வரியில்லாமல் போகும். கிரீன் கார்டு மட்டும் இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. 1988-இல் வந்த இந்தப் பாகுபாட்டையும், அதைச் சமாளிக்க அங்கே வைக்கும் தனி டிரஸ்டையும் எழுதுகிறேன்.

(தொடரும்)